தேத்தண்ணி குடித்தாலும் வெறும் வயிறுதான் என்றிருந்தேன்

வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, எலும்பு மெலிந்திருக்கிறது என்று வாரம் ஒரு மாத்திரை தந்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்கச் சொன்னார்கள். பூனாகலைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்த காலமெல்லாம் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவேன். எங்களுக்கு அதுவும் வெறும் வயிறுதான். மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு மறுபடி படுத்துவிடுவேன்.

ஒருமுறை அப்படிப் படுத்தபோது நெஞ்சுக்குள் தீயாய் எரிந்தது. எச்சில்கூட இறங்கவில்லை. "ஏங்க, நெஞ்சு அடைக்குதுங்க, புள்ளைகள கூப்புடுங்க" என்று கணவரின் கையைப் பிடித்து அழுதேன். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்த யாழ்ப்பாணத்து டாக்டர், "இருதயத்தில பிழையில்லை அம்மா. நீங்கள் படுத்ததால குளிசை உணவுக்குழாயில ஒட்டிப் புண்ணாக்கிப்போட்டுது. வெறும் தண்ணியோட விழுங்கிப்போட்டு நிமிர்ந்து இருந்திருக்கவேணும்" என்றார்.

"இனிமே மருந்தே வேணாங்கய்யா."

"இதை நிப்பாட்டுவம். புண் ஆறினபிறகு வேற மருந்து தாறன். ஒண்டும் எடுக்காட்டி அடுத்தமுறை இடுப்பு முறியலாம்."

அதற்கும் பயந்து அடுத்த மருந்துக்குச் சம்மதித்தேன். இப்போது எந்த மருந்து தந்தாலும், "தேத்தண்ணியோட போடலாங்களா? போட்டுட்டுப் படுக்கலாங்களா?" என்று கேட்காமல் வாங்குவதில்லை. கேட்ட பிறகும், அது தொண்டையைத் தாண்டும்வரை கணவரின் கையை விடுவதில்லை.