வாறன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள்

வேலைக்கு வந்த முதலாவது ட்ரைவர் லொறியின் டயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஏறி இஞ்சினை முடுக்கிவிட்டு, கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்டார். இறங்கி வந்து நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

"நல்ல வண்டி ராத்தா. நாளைக்கு சுபஹு தொழுதுட்டு வாறன், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணி வரைக்கும் கேற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எட்டு மணிக்கு அழைத்தபோது ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பது மணிக்கு அது நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த லொறியை இருபது வருடமாக என் கணவர்தான் ஓட்டினார். நிந்தவூரில் எங்கள் வீடு. சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், அறுக்கிற நெல்லை ஏற்றி அரிசி மில்லுக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் தொழில். பெரும்போக அறுவடைக்கு மூன்று மாதம் இருக்கையில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு இரண்டு சொல் மூன்று சொல்லாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் ட்ரைவர் தேடினேன்.

இரண்டாமவருக்கு இரண்டு தரம் சோறும் போட்டேன். அவரும் வரவில்லை. "வேற இடத்துல சரிவந்திட்டு" என்று மட்டும் தகவல் அனுப்பினார். அந்த இடம் எது என்று நான் கேட்கவில்லை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து என் கணவரின் மூத்த சகோதரர், அவருடைய காக்கா, எங்களைப் பார்க்க வருவார். பெரிய வீதியில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். தம்பியின் கட்டிலருகே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, போகும்போது என்னிடம் ஒரே கதையைத்தான் சொல்வார்.

"லொறிய வித்துப் போடுங்க மச்சி. பொம்புள ஒராள் ட்ரைவர்மார வெச்சி நடத்த ஏலுமா? பாருங்க, ரெண்டாவது ஆளும் வரல்லயே."

இரண்டாவது ஆள் வராததை நான் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது ஆள் சாய்ந்தமருதுக்காரன். முப்பது வயதிருக்கும். இந்த முறை நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை. நேரே கேட்டேன்.

"ஏலாட்டி இப்பவே சொல்லுங்க தம்பி. எனக்குக் கோபம் வராது. வாறன் எண்டு சொல்லிட்டு வராம விட்டாத்தான் கோபம் வரும்."

"கட்டாயம் வாறன் ராத்தா. எனக்கும் தொழில் வேணும்."

அவனும் வரவில்லை.

அன்று காலை எங்கள் சின்ன வேனை எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கி, பத்து வருடமாக நான் ஓட்டுகிற வேன் அது. அவனுடைய உம்மா வாசலுக்கு வந்து, "மகனுக்குக் காய்ச்சல் புள்ள, எழும்ப ஏலாமக் கிடக்கான்" என்றார். உள்ளே அவன் ஃபோனில் சிரித்துக் கதைப்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பரவாயில்ல. காய்ச்சல் ஆறும் வரைக்கும் இரிக்கன்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவனே வந்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"ராத்தா, கோவிக்காதீங்க. அந்த லொறி ஒரு மாசத்துக்குள்ள விலைப்படப் போகுது, அதுல போய் மாட்டாதீங்க எண்டு எல்லாருக்கும் சொல்லிரிக்கி."

"ஆரு சொன்ன?"

அவனுடைய உம்மாதான் சொன்னார். "உங்கட மாப்பிள்ளைட காக்காதான் புள்ள. கடைக்கு வாற ட்ரைவர்மாருக்கிட்டயெல்லாம் சொல்றாராம்."

வேனைத் திருப்பிக்கொண்டு ஹாட்வெயார் கடை வாசலில் நிறுத்தினேன். கடைக்குள் நாலைந்து பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் காத்திருக்கவில்லை.

"மச்சான், லொறிய விக்கப் போறம் எண்டு ஆரு உங்களுக்குச் சொன்ன?"

அவர் சுற்றிப் பார்த்தார். "உள்ளுக்கு வாங்க, கதைப்பம்."

"இஞ்சயே கதைப்பம். நீங்க சொன்னதும் எல்லாருக்கும் முன்னாலதானே."

"ஓம், நான்தான் சொன்ன. உங்கட நன்மைக்குத்தான் சொன்ன."

"என்ட மாப்பிள்ள மௌத்தாகல்ல, உசிரோட இரிக்கார். அவர்ட லொறிய விக்கிறதெண்டா அவர் சொல்லணும்."

"அவனுக்குக் கதைக்கவே ஏலா."

"எனக்கு ஏலும்."

"சரி, மறுகா ஆரு ஓட்டுற? ஒராளும் வரமாட்டானுகள்."

"நான் ஓட்டுவன்" என்றேன்.

உண்மையைச் சொன்னால், வாயிலிருந்து வரும் வரைக்கும் அந்த எண்ணம் எனக்கே இருக்கவில்லை. வந்தபிறகு அதைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ஓட்டு என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. சொற்களைத் தேடித் தேடி எடுத்து, "கிளட்ச்... பாரம்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்றே பயிற்சிக்குப் பெயர் பதிந்தேன்.

பாரவாகனம் பழக்கியவர் அம்பாறைச் சிங்களவர். முதல் நாள் வீதியோரம் ஆட்கள் கூடி நின்று பார்த்ததில் நானும் அவர்களையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "நோனா, கண்ணாடி பாருங்க. மனுசன் பாக்க வேணாம்" என்றார். ஹபாயாக் கையை முழங்கைக்குக் கீழே ஊசி குத்தி இறுக்கினேன். கால் எட்டுவதற்கு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்தேன். முதல் பரீட்சையில் பின்னுக்கு எடுக்கும்போது கம்பத்தில் இடித்துத் தோற்றேன். அந்த வெள்ளிக்கிழமை மச்சான் வந்து ஒன்றும் சொல்லாமல் புன்சிரிப்போடு போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த தவணைக்குப் பணம் கட்டினேன். இரண்டாம் முறை சித்தியடைந்தேன்.

ஊரில் கதை வராமல் இல்லை. பொம்பிளை லொறி ஓட்டுவது ஹறாம் இல்லையா என்று தெரிந்த ஒருவர் வீட்டுக்கே வந்து கேட்டார். அறுத்த நெல்லை மழையில் நனைய விடுவது ஹலாலா என்று கேட்டேன். எழும்பிப் போய்விட்டார்.

முதல் லோட் ஏற்றிய நாள், வயலில் நெல் மூடைகளைத் தூக்கியவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். அவ்வளவுதான். மில் முற்றத்தில்தான் சோதனை. பின்னுக்கு எடுக்கத் தொடங்கியதும் ஆறு பேர் ஆறு பக்கத்தில் நின்று, "ஒடிங்க, ஒடிங்க", "அங்கால", "இஞ்சால" என்று கத்தினார்கள். நான் இஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினேன்.

"ஒராள் சொல்லுங்க. இல்லாட்டி எல்லாரும் வாய மூடுங்க."

எல்லாரும் மூடினார்கள். மூன்று தரம் முன்னுக்கும் பின்னுக்கும் எடுத்துத்தான் சரியாக நிறுத்தினேன். யாரும் கைதட்டவில்லை. மில் முகாமையாளர், "மூடைய இறக்குங்கடாப்பா, என்ன பாத்துக்கு நிக்கீங்க" என்று சத்தம் போட்டார். எந்த லொறி வந்தாலும் அவர் போடுகிற அதே சத்தம். எனக்கு அது இனித்தது.

அந்த அறுவடை முழுவதும் நானே ஓட்டினேன். முழங்கால் வீங்கியது. எண்ணெய் பூசிக்கொண்டு ஓட்டினேன். அடுத்த போகத்துக்கு மறுபடி ட்ரைவர் தேடினேன். மறுபடி ஒருவர் வாறன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. கட்டாருக்கு விசா வந்துவிட்டதாம். போகட்டும், அல்லாஹ் பறக்கத் செய்யட்டும். அன்றைக்கும் லொறி ஆறரைக்குக் கிளம்பியது.

பிறகு ஒருநாள் அந்தச் சாய்ந்தமருதுத் தம்பியே அழைத்து வேலை கேட்டான்.

"ஆறரைக்கு லொறி எடுப்பன். வந்தா வா. உனக்காக நிக்க மாட்டன்" என்றேன்.

ஆறரைக்கு அவன் வரவில்லை. நான் போய்விட்டேன். வயலில் ஏற்றி மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வாசலில் அவன் வியர்த்து வடிய நின்றான். பஸ் பிந்திவிட்டதாம். வீட்டில் லொறியைக் காணாததால், இங்கே வரும் என்று தெரிந்து வேறு பஸ் பிடித்து வந்திருக்கிறான். மூடை இறக்கவும் கை கொடுத்தான். இறக்கி முடிந்ததும் ட்ரைவர் பக்கக் கதவருகே வந்து சாவிக்குக் கை நீட்டினான்.

"திறப்பத் தாங்க ராத்தா, நான் ஓட்டுறன்."

"இண்டைக்கு இல்ல. அங்கால ஏறி இரி."

ஒரு கணம் தயங்கினான். மில் ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு லொறியைச் சுற்றிப் போய் இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். நிந்தவூர் வரைக்கும் நான்தான் ஓட்டினேன்.

மறுநாள் ஆறு மணிக்கே வந்துவிட்டான். இப்போது கிழமையில் நாலு நாள் அவன் ஓட்டுகிறான், இரண்டு நாள் நான். அந்த இரண்டு நாளையும் விட்டுவிடச் சொல்லி மச்சான் இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிறேன்.