மாமாவுக்கு வந்த சம்மன்

ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிதில், புத்தூர் அருகே நாங்கள் பரம்பரையாக உழுத நிலத்துக்கு அதிகாரிகள் பட்டா மறுத்துவிட்டார்கள். நில வழக்குகளை விசாரிக்கும் சித்தூர் டிரிபியூனலில் அப்பீல் போட்டேன். உண்மை தெரிந்த ஒரே சாட்சி பக்கத்து நிலத்து மாமாதான். சாட்சியை வரவழைக்க டிரிபியூனலுக்கே அதிகாரம் உண்டு என்றார் வக்கீல். மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சம்மன் அனுப்ப மனுப் போட்டுவிட்டேன்.

சம்மனோடு வந்து நின்றார் மாமா.

"இன்னாடா, நான் திருடனா? போலீஸ் இட்டுக்கினு போவப் போவுதுன்னு உங்க அத்தை அழுதுக்கினு கீறா!"

"நீ வராட்டி நிலம் போயிடும் மாமா."

"வராம எங்க போவேன்? நீ வந்து கூப்ட்டா ஆவாதா?"

வந்தார். விசாரித்த அதிகாரி தெலுங்கில் 'சாலு, சாலு', போதும் என்று கையமர்த்தும்வரை எனக்காகப் பேசினார். பட்டா கிடைத்தது.

இப்போது அப்பீல் போடுகிறவர்களிடம், "முதலில் சாட்சி வீட்டுக்குப் போங்கள், சம்மன் பின்னால் வரட்டும்" என்கிறேன்.