வெட்டாமல் பார்த்த கண்

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் சாயப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம். பொழுது சாய்ந்தால் எனக்கு வழி தெரியாது. பக்கவாட்டில் வரும் சைக்கிளும் தெரியாது. வேலூரில் கண் டாக்டரம்மா சோதித்துவிட்டு, "விழித்திரை அடுக்கடுக்கா இருக்கும். அதுல வெளிச்சத்தை உணர்ற செல்லுங்க உயிரோட இருக்கான்னு உள்ள பார்க்கணும். அடுத்த வாரம் வாங்க" என்றார்.

உள்ளே பார்க்க எங்கள் தொழிலில் ஒரே வழிதான். சாயம் முழுக்க இறங்கியதா என்று தெரிய, தோலின் கழுத்துப் பக்கம் துண்டு வெட்டி அந்த ஓரத்தைப் பார்ப்போம். கண்ணையும் அப்படித்தான் வெட்டப்போகிறார்கள், அதோடு பார்வை போய்விடும் என்று முடிவே கட்டிவிட்டேன். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை. வீட்டிலும் மூச்சு விடவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கனவில் நடமாடியது போல இருந்தது. குரோம் உப்பில் பதனிட்ட தோல்களின் வெளிர் நீலம், பாலாற்று மணலில் வெயில், என் மனைவி தலை துவட்டும்போது காதோரம் தெறித்த நீர், எதையும் பார்க்காமல் விடவில்லை.

"இன்னா, புதுப் பொண்ணைப் பார்க்கிற மாதிரி பார்க்கறீங்க?" என்று அவள் சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

குறித்த நாளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவளோடு போனேன். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் வெகுநேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு கருவியில் தாடையை வைத்தேன். சிவப்புக் கோடு ஒன்று மிதந்து போனது. பளீரென்று பச்சை வெளிச்சம். மறுபடி அந்தச் சிவப்புக் கோடு. இமையில் ஒரு விரல்கூடப் படவில்லை.

"எப்போம்மா வெட்டுவீங்க?" என்றேன்.

"வெட்டறதா? வெளிச்சத்தாலயே படம் எடுத்தாச்சுங்க!" டாக்டரம்மா திரையைத் திருப்பினார். "பச்சை வெளிச்சம் படறதுக்கு முன்னாடி ஒண்ணு, பட்டப்புறம் ஒண்ணு. ஓரத்து செல்லுங்க போய்டுச்சு. நடுவுல இருக்கறது வெளிச்சத்துக்கு இன்னும் பதில் சொல்லுது."

"பார்வை நிக்குமா?" மனைவி கேட்டாள்.

"ஓரம் குறைஞ்சுகிட்டு வரும். நடுப்பார்வை இப்போதைக்கு நல்லா இருக்கு. அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது."

வெளியே வந்தால் மருந்து விட்ட கண்ணில் ஊரே வெள்ளையாகக் கரைந்து கிடந்தது. "ஒரு வாரமா தனியா பேஜார் பட்டீங்களா?" என்று திட்டிக்கொண்டே அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இப்போது பார்வையின் வட்டம் இன்னும் சுருங்கிவிட்டது. வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வீண் பயத்தில் கழிந்த அந்த ஒரு வாரம்தான், என் ஆயுசில் நான் உலகத்தை ஒழுங்காகப் பார்த்த முதல் வாரம்.