நான் நிறுத்த விடாத சிகரெட்

ஒரு மனிதரைப் பதினொரு மாதங்கள் வேண்டுமென்றே புகைக்க விட்டேன். முதல் நாளே நிறுத்த வைத்திருக்கலாம். வைக்கவில்லை... அவருடைய மனைவியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பதற்காக.

நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் அதைவிட மோசமாக நினைத்தாகிவிட்டது.

ஹட்டனில், மருந்துக் கடைக்கு மேலுள்ள சிறிய அறையில், ஞாயிறுதோறும் மனோவசிய சிகிச்சை அளிக்கிறேன். சிகரெட்டை விடத்தான் பலரும் வருவார்கள். கண்களை மூடச் சொல்லிப் பத்திலிருந்து கீழே எண்ணுவேன். மனம் அமைதியாக இருக்கும் இடத்துக்குப் போகச் சொல்வேன். பிறகு, புகையை வெறுக்க வைக்கும் வார்த்தைகளை நிதானமாகச் சொல்வேன். அந்தக் கடைசிப் பகுதிதான் சிகிச்சை.

ராஜேந்திரன் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை பெக்டரியிலிருந்து வந்தார். அரைத்த கொழுந்து புளித்துப் பதமாவதை முகர்ந்து சொல்லும் வேலை.

"மூக்கு செத்துப்போச்சு சேர். ரெண்டு தடவ பதம் தவறிருச்சு. இன்னொரு தடவன்னா வேலையே போயிரும்," என்றார். இடையிடையே இருமினார்.

ஐந்து எண்ணுவதற்குள் ஆழ்ந்துவிட்டார். அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். ஒரே நாளில் விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வீட்டு குசினியில. தேவகி ரொட்டி தட்டுறா. முடிய ஒதுக்கி ஒதுக்கி நெத்தியெல்லாம் மாவு."

தேவகி எந்த ஊர் என்று கேட்டேன். தலவாக்கலை என்றார். எந்தப் பள்ளிக்கூடம் என்றும் கேட்டேன். சிகிச்சைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம்?

அவளேதான். உயர்தரம் படித்த இரண்டு வருடமும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். சொல்ல வேண்டியதை நான் ஒருநாளும் சொல்லவில்லை. கொழும்புக்குப் படிக்கப் போய்த் திரும்பியபோது அவளுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது.

அந்த இடத்தில் நான் கடைசி வார்த்தைகளைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "இப்ப என்ன செய்றாங்க?" என்று கேட்டேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கேட்டேன். வடை சுற்றி வந்த பத்திரிகைத் துண்டைக்கூட வாசித்துவிட்டுத்தான் எறிவாளாம். முழங்கையில் கிழிந்த சுவெட்டரை விடமாட்டாளாம். அந்தக் குசினியில் நான் ஒரு மூலையில் நின்று அவளைப் பார்த்தேன். எவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று அங்கேதான் எனக்கே தெரிந்தது. அவரோ இதெல்லாம் சிகிச்சை என்று நம்பினார்.

"இங்க நல்லாத்தான் இருக்கு சேர். பஸ்ஸ்டாண்டுக்குப் போனதும் பத்த வச்சிர்றேன். எனக்குத்தான் மன உறுதி இல்ல," என்று தலைகுனிவார்.

நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். எப்பேர்ப்பட்ட அயோக்கியன்!

பதினோராவது மாதம் அவள் உடன் வந்தாள். வாசலிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீங்களா? உங்ககிட்டதான் வர்றாருன்னு தெரியாம நான் பயந்துக்கிட்டு கெடந்தேன். மேட்டுல மூணு எடத்துல நின்னு நின்னு ஏறுறாருங்க. எப்படியாச்சும் விட வைங்க," என்றாள்.

அவளுக்கு நெற்றியோரம் நரைத்திருந்தது. அதை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரியவில்லையோ என்னவோ...

அன்றைக்கு அவரிடம் எதுவும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னேன். இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அவர் புகைக்கவில்லை. என்னிடம் வரவேண்டிய தேவையும் இல்லை. சென்ற மாதம் ஹட்டன் கடைத்தெருவில் கண்டபோது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மூக்கு திரும்பிவிட்டதாம். மேட்டில் மட்டும் இன்னமும் நின்று நின்றுதான் ஏறுகிறாராம். அது இனி சரிவராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். "பரவாயில்ல சேர், என் தப்புதானே," என்றார்.

உங்களிடம் சொன்னதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தேவகி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கா சேர்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஞாயிறு வந்தால் இன்றும் வாசலைப் பார்க்கிறேன். அவர் மறுபடியும் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு வரமாட்டாரா என்று ஏங்குகிறேன்.