நுங்கு வெட்டத் தெரியாத மெஹ்ருன்னிசா

மெஹ்ருன்னிசா போய்விட்டாள்.

காலையில் அவள் மகன் போன் செய்தான். "கஸ்தூரி ஆன்ட்டி, அம்மா..." என்றான்.

இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே அழுதேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் சிரிப்பாக வருகிறது... அவளை நினைத்தால் அப்படித்தான் ஆகும், நான் என்ன செய்ய?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எழுபதுகளில் செங்கல்பட்டுக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவே ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் இருவரும் ஆபரேட்டர்கள். போதாததற்குப் பக்கத்துப் பக்கத்து வீடு.

பங்குனி பிறந்தால் போதும், மெட்ராஸ் சொந்தமெல்லாம் மகாபலிபுரம் பார்க்கக் கிளம்பிவிடும். கடலைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வருவது எங்கள் இரண்டு வீட்டுக்குத்தான். என் அம்மா மிரண்டுபோவார். மெஹ்ருவுக்கோ அது திருவிழா.

விருந்தாளி விஷயத்தில் அவளுக்கென்று தனி ரூல்ஸ் உண்டு.

"துண்றீங்களான்னு கேக்காதடீ. கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்கோ. தட்டை வெச்சுட்டுப் போய்க்கினே இரு."

"கிஃப்ட்டை வாசல்லயே குடுத்துடாத. கெளம்புறப்போ குடு. மொதல்லயே குடுத்தா, பதிலுக்கு இன்னா தர்றதுன்னு அந்தம்மா பீரோவையே பாத்துகினு குந்திருக்கும்."

"வந்தவங்கள சும்மா குந்த வெக்காத. கைல ஒரு வேலையக் குடு. வேல செஞ்சாத்தான் இது அவங்க வூடு மாதிரி ஆவும்."

இந்தக் கடைசி ரூல்தான் என் தலையெழுத்தையே மாற்றியது.

அந்தச் சித்திரையில் என்னைப் பெண் பார்க்கச் செய்யூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் "பொண்ணு வேலையை விட்டுட்டா சரி" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு அந்த வேலை உயிர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஊரே என்னைக் கேட்டுத்தான் பேச வேண்டும், அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"இந்தத் தடவை கேட்டாங்கன்னா, விட்டுடுவான்னு சொல்லிடப் போறேன்" என்றார் அப்பா. அழுதுகொண்டே காலை ஆறு மணி டியூட்டிக்குப் போனேன்.

நாலு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒரு மணி பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் வீட்டில் பஜ்ஜிக்கு மாவுகூடக் கரைக்கவில்லை. அம்மா தலை நிறைய எண்ணெயோடு நின்றிருக்கிறார்.

அன்று மெஹ்ருவுக்கு லீவு. தெருவிலேயே போய் அவர்களை மறித்துவிட்டாள். "அங்க ஒரே அடுப்புப் புகை. எங்க வூட்ல ஃபேன் கீது, வாங்கோ."

உட்கார வைத்த கையோடு மாப்பிள்ளையின் அம்மா முன்னால் ஒரு குலை நுங்கையும் அரிவாளையும் கொண்டுவந்து வைத்தாளாம். "யம்மா, ஆசைப்பட்டு வாங்கிட்டேன், எனக்கு வெட்ட வராது. நீங்க கொஞ்சம் பாருங்கோளேன்..."

பச்சைப் பொய்! கண்ணைக் கட்டிவிட்டாலும் குலை குலையாக வெட்டுவாள் அவள்.

டியூட்டி முடிந்து, வியர்த்து வழிந்து, கலைந்த தலையோடு நான் வந்து சேர்ந்தேன். மெஹ்ரு வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஒரு அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஃபேனுக்கு எதிரில் மாப்பிள்ளை. பதினோராவது நுங்கு. தலையே நிமிரவில்லை. (எட்டுதான் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.)

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டியூட்டி முட்ச்சு வர்றியா? மூஞ்சி வாடிக்கீது பாரு. குந்து, மொதல்ல இத்தத் துண்ணு."

பெண் பார்க்க வந்தவர் பெண்ணை உபசரித்தார். பஜ்ஜித் தட்டோடு ஓடிவந்த என் அம்மா, தட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தானும் ஒரு நுங்கை எடுத்துக்கொண்டார்.

"வேலை விஷயம்..." என்று அப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இந்தப் பொண்ணு சொல்லிட்ச்சு. அதுக்கு ஒரு கண்ணாலம் ஆவுற வரைக்கும் இவ வேலைக்குப் போவட்டும்" என்றார் அந்த அம்மா, மெஹ்ருவைக் காட்டி.

நுங்கை உரித்துக்கொண்டே மெஹ்ரு கெஞ்சியிருக்கிறாள். "இவ நின்னுட்டா காலைல ஆறு மணி டியூட்டி மொத்தமும் என் தலைல வுழும்மா. என்னால எழுந்துக்கவே முடியாது. எனக்கு ஒரு கல்யாணம் ஆவுற வரைக்குமாவது வுட்டு வைங்கோ."

என் கல்யாணம் முடிந்து, அடுத்த பங்குனியில் மெஹ்ருவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாமியார் வைத்த கெடு முடிந்ததே...

பத்திரிகை வைக்க வந்தவள் என் காதில் கேட்டாள். "ரெண்டு வருஷம் தள்ளிப் போடச் சொல்லட்டாடீ?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் ம் என்றிருந்தால் செய்தே இருப்பாள். அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

கல்யாணத்துக்கு என் மாமியாரும் வந்தார், கையில் ஒரு பார்சலோடு. உள்ளே என்னவென்று எனக்குக்கூடச் சொல்லவில்லை. மேடையிலேயே பிரிக்கச் சொன்னார்.

அலாரம் வைத்த டைம்பீஸ்.

"இனிமேயாவது நேரத்தோட எழுந்துக்க. எங்க வூட்டுப் பொண்ணு டியூட்டில உனக்காகக் காத்துகினு கெடக்க மாட்டா, சொல்லிட்டேன்."

கல்யாணப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். பக்கத்தில் நின்று நான் அழுகிறேன். கெடுவைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. ரிட்டையர் ஆகிற வரைக்கும் வேலைக்குப் போனேன்.

டைம்பீஸால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கடைசி வரைக்கும் டியூட்டிக்கு லேட்தான். என் ரிட்டையர்மெண்ட் பார்ட்டிக்குக்கூட இருபது நிமிஷம் லேட்.

எல்லாவற்றுக்கும் லேட்டாக வருகிறவள், இதற்கு மட்டும் என்னை முந்திக்கொண்டுவிட்டாய்.

போய் வாடீ, மெஹ்ரு.