52 என்றால் என்ன?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இது ராத்திரியில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலில், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த ஒரு கூடத்தில் நடந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருபது வருடமாக மெஷின்களோடுதான் பிழைப்பு. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நம்புகிறவன். இப்போது என் பயமே அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

நான் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். பெட்டிகளை அடுக்க அங்கே ஒரு ரோபோ கை உண்டு. வேறொரு தொழிற்சாலையிலிருந்து பழசாக வாங்கியது. சுற்றியிருக்கும் கம்பிவலைக் கூண்டும் அதோடு சேர்ந்தே வந்தது. தூர மூலையில் ஒரு தட்டி மட்டும் புதுசு. மற்றவை மங்கிப்போன மஞ்சள், அது பளிச்சென்ற மஞ்சள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கதவோரம், முழங்கால் உயரத்தில், செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. லேசர் சென்சார். கதவை மூடிய பிறகும் கூண்டுக்குள் யாராவது இருந்தால் சிவப்பு விளக்கு எரியும். கை அசையாது. சரிந்த பெட்டிகளை உள்ளே போய் எடுப்பது என் மனைவியின் தம்பி. நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மாமா என்பான். மூலையில் குனிந்து நிற்பவன் பட்டன் இருக்கும் இடத்திலிருந்து தெரியமாட்டான். யாராவது கவனிக்காமல் கதவைச் சாத்திப் பட்டனை அமுக்கினால், அவனைக் காப்பாற்ற அந்தச் செங்கலை விட்டால் வேறு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை அது சிவப்பாகிவிட்டது. கூண்டு காலி. கதவு மூடியிருந்தது. சென்சாரின் சின்னத் திரையில் ஒரு எண். 52.

கண்ணாடியைத் துடைத்தோம். ஒயரை மாற்றினோம். கதவைத் திறந்தால் திரையில் வெறும் கோடு. மூடினால் மறுபடி 52.

சனிக்கிழமை மாலை மேனேஜர் போன் செய்தார்.

"திங்கக்கிழமை லோடு ஏத்தணும். சென்சாரத் தூக்கிப் போட்டுட்டு ஒரு ஒயரக் குடுத்து ஓட்டுப்பா."

"உள்ள ஆள் இருந்தா தெரியாது சார்."

"பாத்துப் போகச் சொல்லு. உன்னால முடியலன்னா திங்கக்கிழமை காலையில நானே ஆள வெச்சுக் குடுத்துக்கறேன்."

ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் 52 என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் திங்கட்கிழமை என் மச்சினன் குருட்டுக் கூண்டுக்குள் போவான். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்ளேயும் துணைக்கு வந்தான். கூண்டுக்கு வெளியே, சென்சாருக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். தோளைக் கம்பிவலையில் சாய்த்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தயாரித்த கம்பெனியின் வலைத்தளத்தைத் திறந்தேன்.

முதலில் ஒரு வீடியோ. வெள்ளை ஹெல்மெட் போட்டவர்கள் எதையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்படி என்னதான் சிரிப்போ. மாடல் நம்பரைத் தேடினேன். ஒரு கண்காட்சிப் புகைப்படம், இரண்டு விருதுச் செய்திகள், ஒரு வேலைவாய்ப்பு. இன்னும் தோண்டினால், 'இந்தப் பொருள் இப்போது விற்பனையில் இல்லை.' வண்ண விளம்பரத் தாள் தாராளமாகக் கிடைத்தது. சுற்றுச்சூழல் கொள்கைகூடக் கிடைத்தது. மேனுவலுக்கு மட்டும் பூட்டுப் படம்.

பூட்டைத் தொட்டால் பதிவு செய்யச் சொன்னது. கம்பெனி ஈமெயில்தான் வேண்டுமாம். மேனேஜருடையதைக் கொடுத்தேன். சென்சாரின் வரிசை எண், பதவி, ஊழியர் எண்ணிக்கை, ஆண்டு வருமானம்...

"எங்க அக்காவக் கட்டிக் குடுக்கறப்பகூட உங்கள இவ்வளவு விசாரிக்கல மாமா," என்றான் மாப்ளே.

"விசாரிச்சிருந்தா குடுத்திருக்க மாட்டீங்க."

எதற்காக வந்தீர்கள் என்று ஒரு கேள்வி. வாங்க, முதலீடு செய்ய, படிக்க. மெஷின் நின்றுபோய்விட்டது என்பதற்குக் கட்டமே இல்லை. படிக்க என்று போட்டேன். 'நன்றி. இரண்டு வேலை நாட்களில் பதில் வரும்.'

ஓரத்தில் அரட்டைப் பெட்டி ஒன்று குதித்தது. உதவட்டுமா என்று கேட்டது. 52 என்றால் என்ன என்று தட்டினேன். '52 என்ற பெயரில் பொருள் எதுவும் இல்லை. எங்கள் புதிய தயாரிப்புகளைப் பார்க்கிறீர்களா?'

பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

சென்சாரில் 47.

"மாப்ளே, எதையாவது தொட்டியா?"

"இல்லயே."

அவன் கூடத்தின் எதிர்ப்பக்கம், பெட்டிகள் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு பிழை எண் போலிருக்கிறது என்று 47-ஐத் தேடினேன். ஒன்றும் இல்லை. யாரோ ஒருவன் ஏழு வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை ஒரு இணைய மன்றத்தில் கேட்டிருந்தான். பதில் ஒன்றே ஒன்று. 'மேனுவலைப் பாருங்கள்.'

நிமிர்ந்தேன். 38.

கூடத்தில் எந்த மெஷினும் ஓடவில்லை. காற்றாடிகூட இல்லை. மணி இரண்டே முக்கால். அவ்வளவு அமைதியில் விளக்குகளின் ரீங்காரம் மட்டும்... ங்ங்ங்...

38 ரொம்ப நேரம் அப்படியே நின்றது. எதையோ யோசிப்பதைப் போல.

பிறகு 30.

21.

ஒரு பிழை எண் இப்படியா குறையும்? கூண்டுக்குள் பார்த்தேன். சுத்தமான தரை. தலைகுனிந்து நிற்கும் ரோபோ கை. யாரும் இல்லை.

9.

டிக்.

கம்பிவலையில் யாராவது சாய்ந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். என் தோள் பட்டிருந்த கம்பி லேசாக என் பக்கம் வளைந்தது.

"நீ சாஞ்சியா?"

"நான் இங்க இருக்கேன் மாமா."

3.

நான் எழவில்லை. 3 மாறவே இல்லை...

"இருங்க, உள்பக்கம் இன்னொரு தடவ துடைச்சுப் பாக்கறேன்." மாப்ளே துணியோடு வந்து கதவைத் திறந்தான். திரையில் கோடு. வாசலில் நின்றவன் சட்டென்று ஒதுங்கினான். குறுகலான படியில் எதிரே வருபவருக்கு வழிவிடுவோமே, அப்படி. துணி கையிலிருந்து வெளியே விழுந்தது. அதை எடுக்கத் திரும்பியவன், பழக்க தோஷத்தில் கதவை இழுத்து மூடினான்.

பச்சை விளக்கு. திரையில் எண் இல்லை.

"என்னடா பண்ண?"

"ஒண்ணுமே பண்ணல. இன்னும் துடைக்கவே இல்ல."

இரண்டு பேரும் சிரித்தோம். மேனேஜருக்குப் போன் செய்தேன். "ஒயர் வேணாம் சார், சரியாயிடுச்சு." எப்படி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கம்பெனி வேனில் கிளம்பினோம். அவன் முன்சீட்டில், என் பக்கத்தில். வண்டி நகர்ந்ததுமே பீப்... பீப்... பின்சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லையாம்.

"டூல் பைய வெச்சிருப்பீங்க."

"ஆமா" என்றேன். பை அவன் காலடியில் இருந்தது. அவன் வீட்டு வாசலில் அவனை இறக்கிவிட்டேன். சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

புதன்கிழமை பதில் வந்தது. சொன்னபடி இரண்டு வேலை நாள். மேனேஜர் 'பாரு' என்று ஒற்றைச் சொல்லோடு அனுப்பியிருந்தார். மேனுவலிலிருந்து ஒரே ஒரு பக்கம்.

'கதவு மூடியிருக்கையில் திரையில் தெரியும் எண், கூண்டுக்குள் இருக்கும் ஆளுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம். 10 என்றால் ஒரு மீட்டர். உள்ளே யாரும் இல்லாவிட்டால் எண் தெரியாது.'

டேப்பை எடுத்துப் போய் அளந்தேன். ஐந்து மீட்டர் இருபது சென்டிமீட்டர். புதுத் தட்டி இருக்கும் மூலை.

எனக்கும் அதற்கும் நடுவில் முப்பது சென்டிமீட்டர் இருந்திருக்கிறது. நான் வலைத்தளத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அதுவோ எழுந்து, நடந்து, என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. கதவு திறக்கும் வரை.

பச்சை விளக்கு. வேன். பீப். அவன் இறங்கியதும் நின்ற பீப்...

வந்த பதிலின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. 'இந்த வரிசை எண்ணுள்ள கருவி ஒரு சம்பவத்துக்குப் பின் பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டதாக எங்கள் பதிவில் உள்ளது. விவரங்களுக்கு இங்கே அழுத்தவும்.'

அழுத்தினேன்.

பூட்டுப் படம். 'இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை.'

பின்னால் காலடி. மாப்ளே. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தூங்கலயா?"

"எங்க மாமா... வீட்டு வராந்தாவுல ஆள் வந்தா எரியுமே, அந்த சென்சார் லைட்டு. ஞாயித்துக்கிழமையிலேருந்து ராத்திரி பூரா தானா எரியுது. நேத்திக்குப் பாப்பா ரூம் வாசல் லைட்டும் ஆரம்பிச்சிடுச்சு."

நான் லேப்டாப்பை மெல்ல மூடினேன்.

"கோளாறுதான் போல. மாடல் நம்பர் எழுதிட்டு வந்திருக்கேன்," என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான். "இதுக்கு மேனுவல் கிடைக்குமான்னு கொஞ்சம் தேடிப் பாருங்க மாமா."