ஒன்பது கழிப்பறைகள் கட்டிய கதை

சுசீலாதாயியின் குடியிருப்புக்குக் கழிப்பறை கட்டி முடித்தாயிற்று, நகராட்சியின் கணக்கில். நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஓர் எருமை நிற்கிறது. தாயி என்றால் மராத்தியில் அக்கா. எங்கள் பல்கலைக்கழக விடுதியில் பாத்திரம் தேய்க்கிறவர். விடியுமுன் ரயில் பாதையோரம்தான் போகவேண்டும், ராத்திரியில் அவசரம் வந்தால் வழியில்லை என்று, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஒரு வாய் டீ கூடக் குடிக்க மாட்டார். அவருடைய பத்தாம் வகுப்புப் பெண்ணும் அப்படித்தான்.

மாணவர்கள் சிலர் சேர்ந்து நகராட்சி பட்ஜெட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஊருக்குக் காட்டுவது என்கிற எங்கள் தொழிலில் சம்பளம் கிடையாது, மரியாதை கிடையாது, பதில்கள் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். தகவல் உரிமைச் சட்டம் வந்த புதிது. புள்ளியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு உலகமே திருந்தப்போகிறது என்று நினைப்பு. அரசு அலுவலகப் பெஞ்சுகளில் காத்திருந்து இடுப்பு வலி வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என் சொந்தக்காரர்கள்.

உத்யா சாகேப்

நகராட்சி புனேயை ஒட்டியது. பேர் வேண்டாம், இப்போதைக்கு என்மேல் ஒரு வழக்குதான் குறைச்சல். அதன் கணக்குப் பிரிவில் ஒரு ஹெட் கிளார்க் இருந்தார். எது கேட்டாலும் "உத்யா" என்பார். நாளைக்கு என்று அர்த்தம். நாங்கள் அவருக்கு உத்யா சாகேப் என்றே பேர் வைத்துவிட்டோம்.

பட்ஜெட் புத்தகத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். உத்யா. மறுநாள் போனேன். அலமாரிச் சாவி லீவில் இருந்தது. அதற்கடுத்த வாரம் சாவி வந்திருந்தது, அலமாரி வேறு அறைக்குப் போயிருந்தது. பொது ஆவணத்தை மறைக்க உங்களுக்கு என்ன உரிமை என்று நான் சட்டப் பிரிவைச் சொல்லிச் சண்டை பிடித்தேன். அவர் கோபப்படவே இல்லை. கண்ணாடியைத் துடைத்தபடி, "பொது ஆவணம்தான் மேடம். அதனால்தானே யார் கையும் படாமல் பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்றார்.

மதராஸி கம்ப்யூட்டர்

புத்தகம் வேண்டாம், பட்ஜெட் உங்கள் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, குறுந்தகடாகக் கொடுங்கள் என்று மனுப் போட்டேன். ஒருவழியாகக் கிடைத்தது. கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்திருந்த கார்த்திக், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு உதவுகிறவன், அதைப் போட்டுத் திறந்தான். திரை முழுக்கக் கொம்பும் கொக்கியும் கேள்விக்குறியும். நகராட்சி மட்டும் வைத்திருக்கிற ஏதோ ஓர் எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அது இல்லாத கம்ப்யூட்டரில் மராத்தி கருவேலங்காடு மாதிரி தெரியும்.

அந்த எழுத்துருவையும் கொடுங்கள் என்று கேட்கப் போனேன். அது தகவல் இல்லையாம், சாதனமாம். தகவல் உரிமைச் சட்டத்தில் சாதனம் வராதாம். வாதத்தில் நான் லேசில் தோற்கிறவள் இல்லை. படிக்கவே முடியாததைக் கொடுத்துவிட்டு அதைத் தகவல் என்கிறீர்களா என்றேன். பக்கத்து மேஜைக்காரர்களும் கேட்கும்படி உத்யா சாகேப் சொன்னார்: "நான் கொடுத்தது சுத்தமான மராத்தி. உங்கள் கம்ப்யூட்டர் மதராஸி போலிருக்கிறது."

அப்பாவின் கட்சி

அப்பா ராணுவக் கணக்குத் துறை. திருநெல்வேலியை விட்டு வந்து காலம் ஆகிவிட்டது, பேச்சு மட்டும் அங்கேயே இருக்கிறது. அவராவது என் பக்கம் நிற்பார் என்று, வீட்டுக்குப் போனபோது எல்லாவற்றையும் சொல்லிக் கொதித்தேன். சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே முழுவதும் கேட்டார். பிறகு, "ஏட்டி, நம்ம கணக்கு ஒருத்தனுக்கும் புரியாதுன்னுதான நமக்குச் சம்பளமே தாரான்? அந்த மனுசன் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுதே?" என்றார்.

ஒன்றும் ஒன்பதும்

கடைசியில் மேல்முறையீட்டுக்குப் பயந்து அச்சிட்ட புத்தகத்தையே நகலெடுத்துக் கொடுத்தார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் தட்டச்சு செய்து இணையதளத்தில் ஏற்றினோம். எந்தத் தெருவுக்கு என்ன செலவு என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்த நகராட்சியில் அதற்குமுன் அப்படி ஒன்று நடந்ததில்லை.

தாயியின் குடியிருப்பைத் தேடினேன். முடிந்த பணிகள் என்ற தலைப்பின்கீழ், கழிப்பறை: ஒன்பது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. விடுதிச் சமையலறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். தாயி கை ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். அங்கே மொத்தமே இருபது குடிசைதான், ஒன்பது கழிப்பறையை எங்கே வைப்பது, ஒருவேளை எங்களைத்தான் அதற்குள் குடிவைக்கப் போகிறார்களோ என்றார்.

சந்தேகம் வந்து புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்று என்றுதான் இருந்தது. மராத்தி எழுத்தில் ஒன்றுக்கு, நமக்குப் பழக்கமான ஒன்பது மாதிரியே தலை சுழிந்து வால் தொங்கும். இங்கேயே வளர்ந்த எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவன் கார்த்திக். வந்து ஆறு மாதம்கூட ஆகாத அவனுக்கு எப்படித் தெரியும்? அன்றே திருத்தினோம். அவனைப் பிடித்து ஒரு மூச்சுக் கத்தினேன். பாவம், முகம் சுருங்கிப்போய், "ஏனுங்க, ஒம்போது மாதிரியே இருந்தா ஒம்போதுன்னுதானுங்க அடிப்பாங்க?" என்றான்.

விசாரணை

ஒன்பதோ ஒன்றோ, அங்கே நிற்பது எருமை. கட்டியதாகச் சொல்லும் அந்த ஒரு கழிப்பறை எங்கே என்று தாயியின் பேரில் மனுப் போட்டோம். விசாரணைக்குத் தாயி அரை நாள் கூலியை விட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். அதிகாரி எங்களை உட்காரச் சொன்னதே எனக்கு நம்பிக்கையாக இருந்தது.

உத்யா சாகேப் ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். எங்கள் இணையதளத்தின் அச்சு நகல். நாங்கள் திருத்துவதற்கு முன்னால் எடுத்தது. வாழ்க்கையில் அந்த ஒன்றை மட்டும் அவர் நாளைக்கு என்று தள்ளிப்போடவில்லை. அது தட்டச்சுப் பிழை, இதோ உங்கள் புத்தகத்திலேயே ஒன்று என்றிருக்கிறது, அந்த ஒன்றாவது எங்கே என்று நான் கத்தினேன். எருமையின் புகைப்படத்தை நீட்டினேன். அதிகாரி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பேட்டா, தளம் சரி என்றால் ஒன்பது இருக்கிறது. தப்பு என்றால் தப்பான தகவலைப் பரப்பியது நீங்கள். எதை எழுதிக்கொள்ளட்டும்?" என்றார்.

வெளியே வந்ததும் கேன்டீனில் டீ சொன்னேன். தாயி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. டம்ளரை என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

பட்ஜெட்டை வெட்டவெளிச்சமாக்கி நாங்கள் சாதித்தது என்ன என்று இன்றும் கேட்கிறவர்களுக்கு, முத்திரையோடும் கையெழுத்தோடும் தாயிக்கு வந்த பதிலைத்தான் அப்படியே படித்துக் காட்டுகிறேன்: "தங்கள் குடியிருப்பில் ஏற்கெனவே உள்ள ஒன்பது கழிப்பறைகளையும் சுத்தமாகப் பயன்படுத்துமாறு மனுதாரர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்."